இனிப்பு வந்த வழி – 9: ஆற்றங்கரை ஆலையும் தேரிக்காட்டுப் பனையும்

கோவில்பட்டியைத் தாண்டித் தெற்கே திருநெல்வேலிச் சாலையில் வருகிறவர்களுக்குக் கயத்தாறு வரும் முன்பே காற்றாலைகள் கண்ணில் படும். சாலையோரத்தில் 'கருப்பட்டிக் காபி' என்று எழுதிய பலகைகளும் அடுத்தடுத்து வரும். சுக்கு மணக்க ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பல லாரிக்காரர்கள் மேற்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள்.

கயத்தாறு, பெயரிலேயே ஆறு உள்ள ஊர். ஆனாலும் இந்தக் கரிசல் காடு நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். உளுந்தும் பாசியும் விளையும். கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் விளையும். கரும்பு மட்டும் இந்தக் காட்டுக்கு ஆகாது, அது தண்ணீரிலேயே வளர்கிற பயிர். பொங்கலுக்குக் கட்டுக் கரும்பு வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும். இங்குள்ள பழைய வீடுகளில் இனிப்பு என்றால் கருப்பட்டிதான். போன வாரம் பார்த்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய்கூட, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும், வெல்லப்பாகில்தான் இறுகுகிறது. வெள்ளைச் சீனி இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு.

அது எங்கே பிறந்தது என்று பார்க்கக் கடலூர்ப் பக்கம் போக வேண்டும்.

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது நெல்லிக்குப்பம். ஒரு பக்கம் கெடிலம், மறுபக்கம் தென்பெண்ணை, நடுவில் ஊர். விழுப்புரம் – கடலூர் ரயில் பாதையில் இதற்கும் ஒரு நிலையம் உண்டு. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியச் சர்க்கரைத் தொழிலின் கதையை எழுதுகிற எவரும் இந்த ஊரைத் தொடாமல் தாண்ட முடியாது. 1842-ல் பாரி கம்பெனி இங்கே ஆலை தொடங்கியது. நாட்டின் முதல் நவீன சர்க்கரை ஆலை இதுதான் என்கிறது கம்பெனியின் வரலாறு. அந்த ஊரில் இன்றைக்கும் கரும்பு அரைக்கிறார்கள்.

1842 என்ற ஆண்டுக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை இருக்கிறது. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால்தான் பிரிட்டனுக்குச் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. தோட்டங்களில் உற்பத்தி சரிந்தது, லண்டனில் விலை ஏறியது. அதுவரை இந்தியச் சர்க்கரைக்குக் கூடுதல் தீர்வை விதித்து ஒதுக்கி வைத்திருந்தவர்கள், 1836-ல் வங்காளச் சர்க்கரைக்கு அந்தப் பாகுபாட்டை நீக்கினார்கள். அடுத்து சென்னை மாகாணத்துக்கும் கதவு திறந்தது. முதலாளிகளின் பணம் கரும்பு விளையும் இந்திய ஆற்றங்கரைகளைத் தேடி வந்தது. அந்த அலையில் எழுந்த ஆலைகளில் பல, 1846-ல் பிரிட்டன் பிறநாட்டுச் சர்க்கரைக்கும் சலுகை கொடுக்கத் தொடங்கியதும் நொடித்துப்போயின. நெல்லிக்குப்பம் தாக்குப்பிடித்தது.

இந்தக் கம்பெனியைத் தொடங்கிய தாமஸ் பாரி, வேல்ஸ் நாட்டிலிருந்து 1788-ல் சென்னைக்கு வந்தவர். சென்னையின் பாரிமுனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் அங்கே வியாபாரத்தை வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆற்காட்டு நவாபு கடனுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்த வரி வசூல் உரிமைதான், கட்டபொம்மனுக்கும் அந்தக் கம்பெனிக்கும் மூண்ட போரின் வேர். தெற்கே பாளையங்களை ஒடுக்கி எழுந்த ஆட்சியின் நிழலில்தான் சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில் பாரியின் வணிகமும் தழைத்தது. பாரி 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்தார். நெல்லிக்குப்பத்தில் ஆலை எழும்போது அவர் உயிரோடு இல்லை.

அந்தக் கால ஆலைக்குக் கரும்பு மட்டுமே மூலப்பொருள் இல்லை. கிராமத்து அடுப்புகளில் காய்ச்சிய வெல்லத்தை வாங்கிக் கரைத்து, அழுக்கு நீக்கி, வெள்ளையாக்குவதும் அன்றைய ஆலைகளின் வேலை. பனைவெல்லமும் அதில் சேர்த்தி. கூடவே சாராயம். 1897-ல் பாரியின் இந்தத் தொழில்களுக்கென்று பதிவான கம்பெனியின் பெயரே 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ்'. பெயரில் வடிசாலை முன்னால் நிற்கிறது, சர்க்கரை அதற்குப் பின்னால்தான். அதன் முதலெழுத்துகளே இன்றைய ஈ.ஐ.டி. பாரியின் 'ஈ.ஐ.டி.'. 1981-ல் அது முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. 1914-லிருந்து நெல்லிக்குப்பத்தில் மிட்டாயும் செய்தார்கள். பாரி மிட்டாய் என்றால் இன்றைக்கும் பல பேருக்குப் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வரும்.

பழைய சென்னைக்காரர்கள் சீனியை 'அஸ்கா' என்பார்கள். அதுவும் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் பெயர்தான். இன்றைய ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருஷிகுல்யா ஆற்றின் கரையில் இருக்கிறது அஸ்கா. 1936-ல் ஒரிசா தனி மாகாணமாகும் வரை கஞ்சம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே ஆலையில் செய்த சர்க்கரை சென்னைக்கு வந்து, ஊர்ப்பெயர் பொருளின் பெயராகவே நின்றுவிட்டது. கூப்பிடு தூரத்தில் சர்க்கரை செய்த நெல்லிக்குப்பத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. தெற்கே நம் பக்கமோ அதற்குச் சீனி என்று பெயர். சீனத்தை நினைவூட்டும் சொல். உள்ளூரில் விளையாத பொருளுக்கு ஊர்ப்பெயரைச் சூட்டி அழைப்பது நம் வழக்கம்தானே.

சரி, ஆலைக்குள் என்ன நடக்கிறது?

அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எடை மேடைக்கு வரிசைகட்டி நிற்கும். வெட்டிய கரும்பு நேரம் போகப்போக எடையும் இழக்கும், இனிப்பும் இழக்கும். ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதற்காகத்தான் விவசாயி கையில் வெட்டு உத்தரவு கிடைக்கும் வரை அரிவாள் கரும்பைத் தொடுவதில்லை. ஆலைக்குள் போன கரும்பு துண்டாகி, நசுங்கி, சாறு ஒரு பக்கமும் சக்கை ஒரு பக்கமுமாகப் பிரியும். சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகிவிடும். சாற்றில் சுண்ணாம்புப் பால் விட்டு, கந்தகப் புகை ஏற்றி, அழுக்கைப் படிய வைப்பார்கள். தெளிந்த சாறு சுண்டிப் பாகாகி, காற்று உறிஞ்சப்பட்ட கலனில் படிகம் கட்டும். சுழலும் கூடையில் போட்டுச் சுற்றினால் கழிவுப்பாகு பிரிந்து வெள்ளைச் சீனி நிற்கும். நூறு கிலோ கரும்புக்கு ஒன்பது, பத்து கிலோ சீனி தேறும்.

நெல்லிக்குப்பத்து பாரி கம்பெனிதான் பின்னாளில் தெற்கே இறங்கி, திருச்செந்தூருக்குப் பக்கத்தில், குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலை வைத்தது. அங்கே ஆறும் இல்லை, கரும்பும் இல்லை. கடலும், செம்மணல் தேரியும், கண்ணுக்கெட்டிய தூரம் பனையும்தான். பதநீரிலிருந்து சர்க்கரை எடுப்பது திட்டம். அதற்காக முதல் உலகப் போர்க் காலத்தில் திசையன்விளைக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையே இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் பாதையே போட்டார்கள். பனங்காட்டுக்குள் ரயில் ஓடியது! பயணிகளும் ஏறிப் போனார்கள்.

நெல்லிக்குப்பம் நிலைத்தது, குலசேகரன்பட்டினம் நிலைக்கவில்லை. ஆலை மூடியது. 1940-ல் ரயிலும் நின்றது. தண்டவாளம் இருந்த தடம் தேடினாலும் கிடைப்பது அரிது. இன்று அந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபடுவது, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்காக.

பனை ஏன் தோற்றது? பதநீரின் குணத்திலேயே பாதி விடை இருக்கிறது. விடியும் முன்னே, காலில் தளைநாரும் இடுப்பில் அருவாப்பெட்டியுமாக ஒரு மனிதர் மரம் ஏறுகிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சுண்ணாம்பு தடவாவிட்டால் அது கள். ஆலையில் அழுக்கைப் படிய வைக்கிற அதே சுண்ணாம்பு இங்கே புளிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் சில மணி நேரத்துக்கு மேல் அதாலும் முடியாது. அதனால்தான் பதநீர் இறங்கியதும் பக்கத்திலேயே ஓலை வேய்ந்த விடிலியில் அடுப்பு எரிகிறது. பெரும்பாலும் அவர் மனைவிதான் புகைக்குள் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருப்பார். பாகு முற்றும் பதம் அவர் கைக்குத் தெரியும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து இறக்கி, சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. மாலையில் மறுபடி மரம் ஏற வேண்டும். நாள்தோறும் முப்பது, நாற்பது மரம், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை.

கரும்பு ஆலையின் அழைப்புக்காக வயலில் காத்து நிற்கும். பதநீர் அரை நாள்கூடக் காத்திருக்காது. ஆயிரம் மரத்துப் பதநீர் ஓரிடத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி புளித்துவிடும் அபாயத்தை எந்த ரயிலாலும் முழுசாகத் தீர்க்க முடியாது.

மீதிப் பாதி விடை மனிதர்கள் செய்தது. கரும்புக்காக 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்பான தடிக்கரும்பை நோய்க்கு அசையாத நாணலோடு சேர்த்தார்கள். 1918-ல் வெளிவந்த 'கோ 205' வட இந்தியக் கரும்புக் காட்டையே மாற்றியது. கடலூரிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்து, 'கோ.க. 671' போன்ற ரகங்களைத் தந்தது. 1932-ல் ஜாவா சர்க்கரையிடமிருந்து உள்நாட்டு ஆலைகளைக் காக்கச் சட்டம் வந்தது. முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130-ஐத் தொட்டன. இன்றைக்கும் கரும்புக்கு மத்திய அரசு விலை அறிவிக்கிறது. 2025–26 பருவத்துக்கு, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். அந்த விலை கட்டவில்லை என்று கரும்பு விவசாயி சொல்வதும், பாக்கிக்காகப் பல ஊர்களில் அவர் வீதிக்கு வருவதும் நியாயமே. ஆனால் கேட்பதற்கு அவருக்கு ஒரு விலையாவது இருக்கிறது. பதநீருக்கு அப்படி எதுவும் இல்லை.

உயரம் குறைந்த பனை, சீக்கிரம் பாளை விடும் பனை, கீழே நின்றே பதநீர் இறக்க ஒரு கருவி என்று நூறு வருடம் முன்பே கோவையில் கரும்புக்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு பட்டிருந்தால், தேரிக்காட்டுப் பிள்ளைகள் மரத்தை விட்டு ஊரை விட்டுப் போயிருக்க மாட்டார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் நல்ல காரியங்கள். மரம் நிற்கிறது, பெயரும் கிடைத்துவிட்டது. ஏறுவதற்குத்தான் ஆள் குறைந்துகொண்டே போகிறது.

ஆள் குறைந்த இடத்தில் கலப்படம் நுழைந்தது. ஆலைச் சீனி மூட்டை மூட்டையாக வந்து, கொஞ்சம் பதநீரோ பழைய கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி என்று விற்பனையாகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இப்படிப்பட்ட சரக்கைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். பனையேறி உயிரைப் பணயம் வைத்து இறக்கிய பதநீர்க் கருப்பட்டி, சந்தையில் இந்தப் போலியின் விலையோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதநீர்க் காலம் பங்குனியிலிருந்து ஆடி வரை. அந்த மாதங்களில் வேம்பார், உடன்குடிப் பக்கம் போனால் விடிலியிலேயே நேரடியாக வாங்குங்கள். கடையில் வாங்கினால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனிப் படிகம்போல் மின்னினால் வாங்காதீர்கள். பத்து லிட்டர் பதநீருக்கு ஒன்றரைக் கிலோ கருப்பட்டி தேறினாலே பெரிது. விலை கூடத்தான் இருக்கும், பேரம் பேசாமல் கொடுங்கள்.

(தொடரும்)