வாக்கும் வாக்கெடுப்பும்: பெயர்மாற்றத் தீர்மானங்களில் அறிஞர் அண்ணா

ஆரணியாற்றின் கரையிலுள்ள ஊத்துக்கோட்டையைக் கடந்து நாகலாபுரம் நோக்கிச் செல்வோர் சிறிது தொலைவிலேயே ஆந்திர எல்லையை அடைவர். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் கூறும். இன்றைய எல்லையோ பாயிரத்தால் அமைந்ததன்று. பட்டாஸ்கர் குழுவின் முடிவை ஒட்டி இயற்றப்பெற்ற 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1-4-1960 முதல் நடைமுறைக்கு வந்ததாகும். அன்று திருத்தணி இப்பால் வந்தது. சத்தியவேடு அப்பால் சென்றது. ஊத்துக்கோட்டை இப்பாலே நின்றது. ஆயின், எந்த நாட்டின் எல்லைக்குள் நின்றது என்னும் வினாவிற்கு அன்று கிடைத்த விடை 'தமிழ்நாடு' என்பதன்று. 'சென்னை இராச்சியம்' என்பதே. எல்லை வரையறுக்கப்பட்டபின்னும் பெயர் வரையறுக்கப்படாதிருந்த அக்காலத்தின் வரலாறு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை எவ்வாறு கற்றல் வேண்டும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

'வாக்கு' என்னும் சொல் நம் மொழியில் பேச்சையும் குறிக்கும். அவையில் அளிக்கப்பெறும் ஒப்புதலையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒருவரிடத்து ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். முதுகலை மாணவர் பலர் ஒரு தலைவரைப் பற்றி ஆராயப் புகுங்கால் அவர்தம் மேடைப் பேச்சுத் தொகுதிகளை மட்டுமே கையாளுகின்றனர். அவையில் அவர் எதற்கு ஆதரவாக நின்றார், எதனை எதிர்த்தார், எப்பொழுது வாக்களிக்க இயலாதிருந்தார் என்பனவற்றை நோக்குவதில்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்குங்கால் பாடவேறுபாடு காணும் நாம், ஒருவர் சொல்லையும் செயலையும் அவ்வாறு ஒப்புநோக்காது விடுவது வியப்பே. அறிஞர் அண்ணாவின் பெயர்மாற்ற முயற்சியை இம்முறையில் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1956ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், காந்திய நெறியினரான தியாகி சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். அவர்தம் 12 கோரிக்கைகளுள் நாட்டிற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதலும் ஒன்று. அக்டோபர் 13ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தினின்று பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவரோடு திராவிட முன்னேற்றக் கழகத்தார் பதினைவர் அவையில் அமர்ந்தனர். அக்கட்சி அப்பொழுது தேர்தல் ஆணையத்தின் ஏற்பினைப் பெறாமையால், தேர்தல் அறிக்கையில் அவர்கள் சுயேச்சை உறுப்பினராகவே குறிக்கப்பெற்றுள்ளனர். அறிக்கையை மட்டும் காண்போர்க்கு அவ்வவையில் அக்கட்சி இருந்ததென்பதே புலனாகாது.

7-5-1957 அன்று பெயர்மாற்றத் தீர்மானத்தைக் கழகத்தார் கொணர்ந்தனர். ஆதரவு 42, எதிர்ப்பு 127. தீர்மானம் வீழ்ந்தது. இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கழகத்தாரோ பதினைவர், ஆதரவாளரோ நாற்பத்திருவர். எனவே, ஆதரித்தோருள் பெரும்பாலார் பிற அணியினர் என்பது கூட்டிக் கழித்தாலே விளங்கும். 'இது ஒரு கட்சியின் கூக்குரல்' என்று பின்னாளில் எழுதியோர் இக்கணக்கைப் பாராதவராவர். மேலும், அன்றைய பேரவையின் மொத்த இடங்கள் 205. வாக்களித்தோர் 169. எஞ்சிய 36 இடங்கள், அவைத்தலைவரின் இடம் உட்பட, இரு கணக்கிலும் சேரவில்லை. வாராதோரும் நடுநின்றோரும் இவ்வெண்ணுள் அடங்குவர். எண்ணிக்கை இவர்களைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. வாக்குப் பட்டியலை வேதமாகக் கொள்வார்க்கு இம்மௌனம் ஓர் எச்சரிக்கை ஆகும்.

எதிர்த்த 127 பேரும் தமிழ்நாடு என்னும் பெயரை வெறுத்தவர் என்று கொள்ளலாமோ? கொள்ளல் ஆகாது. ஆளுங்கட்சியின் மாநில அமைப்பே நெடுங்காலமாகத் 'தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி' என வழங்கி வந்தது. கட்சியின் பெயர்ப்பலகையில் ஏற்றுக்கொண்ட பெயரை நாட்டின் பெயர்ப்பலகையில் ஏற்க அவர்கள் மறுத்தனர். இங்கு வாக்கு, கட்சி முடிவின் வெளிப்பாடேயன்றி உறுப்பினர் உள்ளத்தின் வெளிப்பாடாகாது. அம்முடிவும் நிலையாக நிற்கவில்லை. 24-2-1961 அன்று அமைச்சர் சி. சுப்பிரமணியம், தமிழில் எழுதுங்கால் தமிழ்நாடு என்றும் ஆங்கிலத்தில் எழுதுங்கால் பழைய பெயரே என்றும் பேரவையில் அறிவித்தார். தீர்மானத்தை வீழ்த்திய அரசு, அதன் பாதியை அறிவிப்பால் நிறைவேற்றியது விந்தையே. அதுமுதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் ஊத்துக்கோட்டை, தமிழில் ஒரு நாட்டிலும் ஆங்கிலத்தில் மற்றொரு நாட்டிலும் இருந்தது எனலாம்.

கட்சிக் கட்டுப்பாடு அக்காலத்தில் மரபாக இருந்தது. 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தபின் சட்டமாயிற்று. கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிப்போர் பதவி இழக்க நேரிடும் என்னும் நிலையில், வாக்கைக் கொண்டு ஒருவர் கருத்தை அளத்தல் பின்னும் அரிதாயிற்று. 18-2-2017 அன்று தமிழகப் பேரவையில் உறுப்பினரைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் செய்து எண்ணிய நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த பதினொருவருள் ஓ. பன்னீர்செல்வம் ஒருவர். அவ்வாண்டு ஆகஸ்டில் அணிகள் இணைந்தபின் அவரே அவ்வரசின் துணை முதலமைச்சர் ஆனார். அடுத்த நாள் ஆளுநரிடம் முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லை எனக் கடிதம் அளித்தோருள் பதினெண்மரோ, அவையில் அரசினை எதிர்த்து வாக்களியாதிருந்தும், செப்டம்பர் 18இல் பேரவைத் தலைவரால் தகுதி நீக்கப்பெற்றனர். திருவள்ளூர் மாவட்டத்துப் பூவிருந்தவல்லித் தொகுதியும் அவற்றுள் ஒன்று. அந்நீக்கம் செல்லும் என உயர்நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பதினொருவர் வழக்கினையோ 2020இல் உச்சநீதிமன்றம் பேரவைத் தலைவர் முடிவிற்கே விட்டது. அவையில் அளித்த வாக்கினும் அவைக்குப் புறத்தே எழுதிய சொல் வலிதாய் நின்ற நிகழ்ச்சி இது. இக்கால உறுப்பினரைப் பற்றி ஆராய்வோர் இதனை மறத்தல் கூடாது.

மீண்டும் அண்ணாவிடம் வருவோம். 1962இல் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்ற அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். அவ்வாண்டு மே முதல் நாள் நிகழ்த்திய கன்னிப் பேச்சில் திராவிட இனத்தின் தன்னுரிமையை வேண்டினார். அவ்வாண்டின் இறுதியில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. 1963இல், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளரும் உறுப்பினரும் உறுதிமொழி கூறவேண்டும் என்னும் 16ஆம் திருத்தம் வந்தது. அவ்வாண்டே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அதே 1963இல் மேற்கு வங்கத்துப் பொதுவுடைமைத் தலைவர் பூபேஷ் குப்தா சென்னை மாநிலத்தின் பெயரை மாற்றக் கொணர்ந்த மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார்.

பெயரை மாற்றுவதால் என்ன பெறுவீர் என வினவியோர்க்கு, பாராளுமன்றத்தை லோக்சபை என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றி நீவிர் பெற்றது யாது என்னும் பொருள்பட அவர் எதிர்வினா விடுத்தார். பழைய நூல்களில் அப்பெயர் உண்டோ என்ற ஐயத்திற்குப் பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைச் சான்று காட்டினார். தமிழ் ஆராய்வோர் ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இந்நூல்களில் சொல்வடிவம் ஒன்றாக இல்லை. பரிபாடல் திரட்டில் தமிழ்நாடு என வருகின்றது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகத்திலும் மணிமேகலையிலும் தமிழகம் என வருகின்றது. சிலம்பில் இருவடிவும் உள. நாடு என்பதும் அகம் என்பதும் ஒருபொருட் சொற்களாக வழங்கியமையால் வாதத்திற்குக் குறையில்லை. வடமொழிப் பெயர்களுக்குப் பழக்கப்பட்ட ஓர் அவையில் சங்க நூல்கள் அரசியற் சான்றாக எடுத்துரைக்கப்பெற்றன என்பதே நமக்குப் பெருமகிழ்ச்சி தருவது. எனினும் மசோதா நிறைவேறவில்லை.

நாடே வேண்டும் என்றவர் நாட்டின் பெயரேனும் வேண்டும் என்று இறங்கிவந்தார் எனச் சிலர் உரைப்பர். 1962, 1963 ஆகிய ஈராண்டுப் பேச்சுகளை மட்டும் அருகருகே வைத்தால் அவ்வாறே தோன்றும். 1957ஆம் ஆண்டு வாக்கெடுப்பை உடன் வைத்தால் தோன்றாது. பிரிவினைக் கோரிக்கை உரத்து ஒலித்த நாளிலேயே பெயர்மாற்றக் கோரிக்கை தனியே அவைமுன் வந்துவிட்டது. அதற்கு ஓராண்டு முன்னரே, பிரிவினையோடு தொடர்பற்ற காந்தியத் தொண்டர் அதன்பொருட்டு உயிர் கொடுத்தார். ஆதலின், இது பெரிய கோரிக்கையின் எச்சம் அன்று. வேறொரு வேரினின்று கிளைத்தது என்பதே நம் கருத்து.

1967இல் கழகம் ஆட்சிக்கு வந்தது. சூலை 18ஆம் நாள் முதலமைச்சர் அண்ணா பெயர்மாற்றத் தீர்மானத்தைப் பேரவையில் முன்மொழிய, அது ஒருமனதாக நிறைவேறியது. பத்தாண்டுகட்கு முன் எதிர்த்து வாக்களித்த கட்சியாரும் உடன்பட்டனர். அவர் 'தமிழ்நாடு' என்று கூற, உறுப்பினர் 'வாழ்க' என்று மும்முறை முழங்கினர். ஆயின், அன்று அவர் பேரவை உறுப்பினர் அல்லர்; மேலவையைச் சார்ந்தவர். அமைச்சர் எவரும் ஈரவைகளிலும் பேசலாம் என்றும், தாம் உறுப்பினரல்லாத அவையில் அவ்வுரிமைகொண்டு வாக்களித்தல் ஆகாது என்றும் அரசியலமைப்பின் 177ஆம் பிரிவு கூறும். எனவே, தீர்மானம் தோற்ற 1957இல் வாக்குரிமையோடு அவையில் இருந்தவர், அது வென்ற நாளில் அவ்வவையில் வாக்கில்லாதவராய் நின்றார். வாக்குகளை மட்டும் தொகுப்பார் ஒருவர் அண்ணாவின் பெயரை 18-7-1967ஆம் நாளின் கீழ்க் காண இயலாது.

நாடாளுமன்றம் 1968இல் பெயர்மாற்றச் சட்டத்தை இயற்றியது. அப்பொழுதும் அவர் அங்கு உறுப்பினர் அல்லர். 14-1-1969 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தார். ஊத்துக்கோட்டை எல்லைக்கு இப்பாலுள்ள நிலம் இருமொழியிலும் ஒரே பெயரைப் பெற்றிருந்ததை அவர் கண்டது இருபது நாளே.