சளியோடு ஒரு துளி ரத்தமும்

டி.பி. உறுதியானதும், "எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்துடலாம்" என்று நர்ஸ் சொன்னால் பலர் பதறிப்போகிறார்கள். "எனக்கு எதுக்கும்மா அது?" என்பார்கள். நடத்தையைச் சந்தேகித்துக் கேட்பதல்ல அது. டி.பி. வந்த எல்லோருக்கும் அந்தப் பரிசோதனை உண்டு.

காசநோய்க் கிருமி பலருடைய நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். அதை வளைத்து அடக்கி வைப்பதில் சி.டி.4 எனும் வெள்ளை அணுக்களின் பங்கு பெரிது, எச்.ஐ.வி. குறிவைப்பதும் அவற்றைத்தான். கிருமி தொற்றிய ஆரோக்கியமானவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படும். எச்.ஐ.வி.யும் சேர்ந்து, அதற்கு மருந்தும் எடுக்காவிட்டால், ஓர் ஆண்டிலேயே அந்த அளவுக்கு ஆபத்து.

இந்த இரு நோய்களையும் சென்னை கண்கூடாகப் பார்த்த ஊர். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியால். காசநோயாளிகளுக்காக 1928இல் எழுந்த தாம்பரம் சானடோரியம், பின்னாளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் பெரிய மையமானது.

பரிசோதனைக்கு விரல் நுனியில் ஒரு குத்து போதும். அரை மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கிட்டில் கோடு தெரிந்துவிடும். முதல் கிட்டில் 'பாசிட்டிவ்' வந்தாலும் அது முடிவல்ல. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் 'நம்பிக்கை மைய'த்தில் வெவ்வேறு கிட்களில் மூன்று முறை பார்த்த பிறகே உறுதி செய்வார்கள்.

முடிவு தெரிந்தால் சிகிச்சையே மாறும். முதலில் டி.பி. மருந்து, சில வாரங்களுக்குள் ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை. டி.பி.க்கான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டொலுடெகிராவிரைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். அதனால் ஒருவேளை மாத்திரை இருவேளையாகும். டி.பி. மருந்து தருபவருக்கு எச்.ஐ.வி. நிலை தெரியாவிட்டால் இதையெல்லாம் யார் கவனிப்பது?

மாநகராட்சி சுகாதார நிலையங்களில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: சளி கொடுக்கும் இடத்திலேயே, அன்றைக்கே ரத்தமும் எடுத்துவிட வேண்டும். "நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றால் தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. பாதிப்பேர் போகவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

அதற்காகக் கட்டாயப்படுத்தவும் கூடாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றே பரிசோதிக்க வேண்டும்; முடிவு ரகசியம். மறுத்தாலும் டி.பி. மருந்தை நிறுத்த முடியாது. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி முடிவைச் சொல்வதும், ஓ.பி. சீட்டில் சிவப்பு மையால் குறிப்பதும் அடுத்த நோயாளியையும் விரட்டிவிடும்.

ஏ.ஆர்.டி. மையத்தில் கேள்வி மறுபக்கத்திலிருந்து வரும். மாத்திரை வாங்க வரும் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை உண்டா என்று கேட்கிறார்கள். ஒன்று இருந்தாலும் டி.பி. பரிசோதனை, எதுவும் இல்லையென்றால் டி.பி. வராமல் தடுக்கும் மாத்திரை.