கையிலிருந்தும் பேசாத தொலைபேசி

கடல் கடந்து செல்வோர் இக்காலத்திற் கடவுச்சீட்டை மறந்தாலும் மறப்பர், கைத்தொலைபேசியை மறப்பதில்லை. ஆயினும், கையிலுள்ள அக்கருவி அயல்நாட்டு மண்ணிற் பேசுமா, பேசாதா என்பதை வீட்டிலிருக்கும்போதே சோதித்தறிவோர் மிகச் சிலரே. நாமும் சோதியாது சென்று இடர்ப்பட்டோம். அதனை மறைத்து வைப்பதனால் எவர்க்கும் பயனில்லை. ஆகவே எமது அனுபவத்தை முதலிற் கூறி, அதனால் யாம் கற்ற பாடத்தைப் பின்னர் எடுத்துரைப்போம்.

2023ஆம் ஆண்டில் எமது அன்னையாரைக் கண் சத்திரசிகிச்சையின் பொருட்டுச் சென்னைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானப் போக்குவரத்து 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியிருந்தமையால், கொழும்புவரை சென்று அலையும் தொல்லை இருக்கவில்லை. புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், அமெரிக்காவில் வாழும் எமது தமையனார் விடுமுறையில் வந்து, தாம் பாவித்த கைத்தொலைபேசியை எமக்கு அன்பளிப்பாகத் தந்தார். வீட்டு வைபை இணைப்பில் அது குறைவின்றி இயங்கியது. படம் பிடித்தோம், வட்ஸ்அப்பிற் பேசினோம். எமது பழைய கருவியிலிருந்த சிம் அட்டையைக் கழற்றி இதில் இட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மாத்திரம் எமக்குத் தோன்றவில்லை. "இந்தியாவில் இந்திய அட்டை வாங்கத்தானே போகின்றோம்" என எண்ணி, பழைய கருவியை அட்டையோடு மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

சென்னையிற் படிக்கும் எமது தமக்கையாரின் மகன் விமான நிலையத்தில் எம்மை எதிர்கொள்வதாக ஏற்பாடு. வெளியே வந்தோம், அவரைக் காணவில்லை. கடையொன்றிற் கடவுச்சீட்டையும் வீசாவையும் காட்டி, படமும் கொடுத்து, இந்திய அட்டை ஒன்றை வாங்கிக் கருவியில் இட்டோம். திரையில் ஒரு வாசகம் தோன்றி, எமக்குத் தெரியாத இரகசிய எண் ஒன்றைக் கேட்டது. கடையிலிருந்த இளைஞர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது லாக் பண்ணின போன். எந்த சிம் போட்டாலும் எடுக்காது" என்று கூறித் திருப்பித் தந்தார். விமான நிலையத்தின் இலவச வைபையை நாடினோம். அதுவோ எமது தொலைபேசி எண்ணைக் கேட்டு, அவ்வெண்ணுக்கு ஒரு குறியீட்டை அனுப்புவதாகச் சொல்லிற்று. எண் இல்லாமையாலன்றோ வைபையை நாடினோம்!

அன்னையார் எழுபத்துநான்கு வயதினர், நீரிழிவு உள்ளவர். உரிய நேரத்தில் உணவு கொள்ளவேண்டியவர், பயணப் பெட்டியின் அருகே இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். தமது பசியை அவர் சொல்லவில்லை. "தம்பி, பெடியன் எங்கையாவது நிண்டு தேடுறானோ தெரியாது" என்று மாத்திரம் மூன்று முறை கூறினார். ஈற்றில் வாடகைக் காரோட்டி ஒருவர் தமது தொலைபேசியைத் தந்து உதவினார். மருமகன் மறுவாயிலில் நின்று, எமது யாழ்ப்பாணத்து எண்ணுக்கு ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்திருக்கின்றார்!

இடர் அவ்வளவில் முடியவில்லை. மறுநாள் மருத்துவமனைக்கு முற்பணம் செலுத்த வங்கி அட்டையைப் பயன்படுத்தியபோது, வங்கி அனுப்பிய இரகசிய எண் குறுஞ்செய்தியாக எமது பழைய எண்ணைத் தேடிச் சென்றது. அவ்வெண்ணோ யாழ்ப்பாணத்து மேசை இலாச்சிக்குள். இலாச்சியின் திறப்போ சென்னையில் எமது சட்டைப்பைக்குள். மருமகனின் தொலைபேசியில் வீட்டுக்குச் செய்தி சொல்லி, மனைவி தச்சரை அழைத்து இலாச்சியைத் திறப்பித்து, கருவியை மின்னேற்றி, எண்ணை வாசித்துச் சொல்வதற்குள் அன்றைய பொழுது கழிந்துவிட்டது. சத்திரசிகிச்சை ஒரு நாள் பிந்தியது.

பூட்டு எங்கே உள்ளது?

கருவி எமது கையில் இருந்தது. விலை மதிப்புள்ளதாயும் இருந்தது. ஆயினும் அது எமக்குக் கட்டுப்படவில்லை. காரணம் யாது?

மேலைநாடுகள் பலவற்றில் தொலைபேசிச் சேவை நிறுவனங்களே கருவிகளை மாதத் தவணையில் விற்பது வழக்கம். தவணை தீருமுன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடாதிருக்கும்பொருட்டு, கருவியினுள் ஒரு தடையை ஏற்படுத்தி விடுவர். இஃது, திரையைத் திறக்க நாம் இடும் இரகசிய எண்ணன்று. அதனை அறிந்திருந்தாலும் இத்தடை நீங்காது. எமது தமையனார் கருவியின் தவணையை இன்னும் செலுத்திக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை; அவர் வாழும் நாட்டில் அவருக்கு அத்தடை ஒருபோதும் எதிர்ப்படவில்லை.

இத்தடை இயங்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும், நாம் பிறர்க்குக் கொடுக்கும் தொலைபேசி எண்ணின் வேறான, பதினைந்து இலக்கங்கள் வரை கொண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405 என்பன. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டப்பட்ட கருவி, அட்டையின் இம்முன்னிலக்கங்களை வாசித்து, தன்னை விற்ற நிறுவனத்துடையனவாயின் ஏற்கும், அன்றேல் மறுத்துவிடும். பூட்டுத் திறந்த கருவி எந்நாட்டு அட்டையையும் ஏற்கும்.

அயல்நாடு எம்மை அறியும் விதம்

இன்று உலகெங்கும் பரவியுள்ள இம்முறை பின்லாந்திலே தொடங்கியது. 1991 யூலை 1ஆந் திகதி, அந்நாட்டின் முன்னாட் பிரதமர் ஹரி ஹொல்கெரி முதலாவது ஜீ.எஸ்.எம். அழைப்பை ஏற்படுத்தினார். மறு ஆண்டிலேயே, பின்லாந்து நிறுவனமொன்றும் பிரித்தானிய நிறுவனமொன்றும், ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் தம் வலையமைப்பில் ஏற்பதென உடன்பாடு செய்துகொண்டன. பிறநாட்டு வலையமைப்பில் விருந்தினராக நின்று பேசும் இவ்வசதியையே ரோமிங் என்பர்.

இலங்கை அட்டையுடன் ஒருவர் சென்னையிற் கருவியை இயக்குகின்றார் எனக் கொள்வோம். அங்குள்ள வலையமைப்பு 413 என்னும் இலக்கத்தைக் கண்டு, "இவர் இலங்கையர்" என அறிந்து, அவரது நிறுவனத்தை வினவும். இலங்கை நிறுவனம் ஓர் எழுமாறான எண்ணையும், அதற்குரிய சரியான விடையையும் அனுப்பி வைக்கும். சென்னை வலையமைப்பு அவ்வெண்ணை வினாவாகக் கருவிக்கு விடுக்கும். அட்டைக்குள் உறையும் இரகசியச் சாவி கொண்டு விடை கணிக்கப்படும். சாவி மாத்திரம் ஒருபோதும் வெளியே செல்வதில்லை. இரு விடைகளும் பொருந்தினால் வாயில் திறக்கும். பாடம் அறியாத ஒருவர் கையில் விடைகளை மாத்திரம் கொடுத்து விடைத்தாளைத் திருத்துவிப்பது போன்றது இது என்று எமது மாணாக்கர்க்குக் கூறுவதுண்டு.

ரோமிங்கிற் கட்டணம் ஏறுவதன் காரணமும் இதனால் விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து எம்மை அழைப்பவர், நாம் சென்னையில் இருப்பதை அறியார். அவர் உள்நாட்டுக் கட்டணமே செலுத்துவார். அழைப்பைக் கடல் கடத்தி வரும் செலவு எம்மைச் சார்கின்றது. ஆகவே வரும் அழைப்புக்கும் நாமே பணம் கொடுக்க நேர்கின்றது. ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் தங்கும் இரு இலங்கையர், தத்தம் இலங்கை அட்டைகளாற் பேசிக்கொள்வாராயின், அவ்வழைப்பு வழக்கமாக இலங்கை சென்றே மீளும். கதவைத் தட்டிப் பேசுவதே நன்று.

மூன்று வழிகள்

வெளிநாடு செல்வோர்க்கு இன்று மூன்று வழிகள் உள. முதலாவது, தமது அட்டையையே ரோமிங்கிற் பாவித்தல். இதற்குப் பூட்டு ஒரு தடையன்று, செலவே தடை. புறப்படுமுன் நிறுவனத்துக்கு அறிவித்து வசதியைத் திறப்பித்தல் வேண்டும். இணைய ரோமிங்கை விமானம் ஏறுமுன்னரே நிறுத்திவிடுதல் அறிவுடைமை. நாம் உறங்கும்போதும் கருவி உறங்காது இணையத்திலிருந்து படங்களையும் புதுப்பித்தல்களையும் இறக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, சென்ற நாட்டின் அட்டையை வாங்குதல். சில நாட்களுக்கு மேல் தங்குவோர்க்கும், மேற்படிப்புக்குச் செல்லும் மாணாக்கர்க்கும் இதுவே சிக்கனமானது. இதற்குப் பூட்டுத் திறந்த கருவி இன்றியமையாதது.

மூன்றாவது, ஈ-சிம் என்பது. இதில் அட்டை இல்லை. அட்டையின் விபரங்கள் இணையத்தின் வழியாகக் கருவிக்குள் இறக்கப்படும். வீட்டிலிருந்தவாறே வாங்கிக்கொள்ளலாம். எனினும், பிரயாணிகளுக்கென விற்கப்படும் ஈ-சிம்களிற் பல இணையத்துக்கு மாத்திரம் உரியன. பேசுவதற்கு எண் தருவதில்லை. இதற்கும் பூட்டுத் திறந்த கருவியே வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14 முதலான புதிய ஐபோன்களில் அட்டை இடும் துவாரமே கிடையாது. அங்கிருந்து அன்பளிப்புப் பெறுவோர் இதனையும் கவனித்தல் வேண்டும்.

எவ்வழியை மேற்கொண்டாலும், தமது சொந்த எண்ணை உயிரோடு வைத்திருத்தல் அவசியம். வங்கியின் இரகசிய எண்கள் அதற்கே வரும். இரு அட்டைகள் கொள்ளும் கருவியில் ஒன்றிற் சொந்த அட்டையையும் மற்றொன்றில் அயல்நாட்டு அட்டையையும் வைத்து, இணையத்தை இரண்டாவதிலிருந்து பெறலாம். ரோமிங்கிற் குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை நிறுவனத்திடம் முன்னரே கேட்டறிக. புதிய அட்டை இட்டதும் "எண்ணை மாற்றவா?" என வட்ஸ்அப் வினவினால், "வேண்டாம்" என்க.

நாட்டுக்கு நாடு

பூட்டுப் பற்றிய சட்டங்கள் எங்கும் ஒரே வகையின அல்ல. கனடாவில் 2017 டிசெம்பர் முதலாகவும், பிரித்தானியாவில் 2021 டிசெம்பர் முதலாகவும் நிறுவனங்கள் பூட்டிய கருவிகளை விற்றல் ஆகாது. யப்பானிலும் 2021 ஒக்டோபர் முதல் இத்தகைய தடை உண்டு. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறப்பித்துக்கொள்ளும் உரிமையை மீளத் தந்ததாயினும், தவணை தீராத கருவிகள் பூட்டுடனேயே இருத்தல் கூடும். ஆகவே உறவினர் தரும் கருவி எந்நாட்டது, எவ்வாண்டில் எம்முறையில் வாங்கப்பட்டது எனக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

ஐரோப்பாவில் உறவினரைக் காணச் செல்வோர் பிறிதொன்றையும் அறிதல் வேண்டும். 2017 யூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் அட்டையை ஏனைய உறுப்பு நாடுகளிலும் மேலதிக ரோமிங் கட்டணமின்றிப் பாவிக்கலாம். ஜேர்மனியில் வாங்கிய அட்டை பாரிசிலும் பேசும். ஆனால், எம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்து அவ்வொன்றியத்தைச் சேர்ந்ததன்று, பிரித்தானியாவும் விலகிவிட்டது. இலங்கையில் வழங்கப்பட்ட அட்டைக்கு இச்சலுகை எங்கும் இல்லை.

பூட்டுத் திறந்திருந்தாலும், கருவியும் வலையமைப்பும் ஒரே மீடிறனிற் பேசினாலன்றிப் பயனில்லை. பழைய கருவிகள் பல, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரிய 900, 1800 மெகாஹேட்ஸ் மீடிறன்களை மாத்திரம் அறிந்தவை. அமெரிக்கக் கண்டத்திலோ 850, 1900 என்பன வழங்கின. மேலும், சிங்கப்பூரில் இரண்டாந் தலைமுறைச் சேவை 2017இலும், அமெரிக்காவில் மூன்றாந் தலைமுறைச் சேவை 2022இலும், அவுஸ்திரேலியாவில் அது 2024இலும் நிறுத்தப்பட்டன. பாட்டனார் பத்திரப்படுத்திய பொத்தான் தொலைபேசி அந்நாடுகளிற் பேசும் என நம்பிச் செல்லலாகாது.

புறப்படுமுன்

கருவி பூட்டப்பட்டதா என அறிய ஐந்து நிமிடம் போதும். வேறு நிறுவனத்தின் அட்டை ஒன்றை அயலவரிடம் இரவல் வாங்கி இட்டுப் பாருங்கள். பேசினால் அந்நிறுவனத்துக்கும் அது திறந்துள்ளது. *#06# என அழுத்தினால் தோன்றும் பதினைந்து இலக்கக் கருவி எண்ணைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டைத் திறப்பிக்கவும், களவுபோனால் முறையிடவும் அது உதவும். பூட்டைத் திறக்க உரிமையுடையது விற்ற நிறுவனமே. இணையத்திற் காணும் இரகசிய எண்களுக்குப் பணம் கொடுத்து ஏமாறவேண்டாம்.

உறவினர் எண்களை நாட்டுக் குறியீட்டுடனேயே பதிவுசெய்யுங்கள். இலங்கை எண்ணாயின் முதலிலுள்ள பூச்சியத்தை நீக்கி +94 என்றும், இந்திய எண்ணாயின் +91 என்றும் தொடங்குக. அவ்வாறு பதிந்த எண் எந்நாட்டிலிருந்தும் இயங்கும். மிக வேண்டிய இரண்டு மூன்று எண்களைக் காகிதத்திலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி மின்னிழந்தாலும் காகிதம் பேசும்.

எமது தமையனார் எஞ்சிய தவணையைச் செலுத்தி, நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பூட்டைத் திறப்பித்தார். ஏழு மாதங்களின் பின் மறு கண்ணின் சிகிச்சைக்காக மீண்டும் சென்னை சென்றோம். அம்முறை இரு அட்டைகளும் ஒரே கருவியில் இருந்தன. வெளிவாயிலை அடைந்ததும் மருமகனுடன் பேசினோம். பத்து நிமிடத்தில் அவர் வந்து சேர்ந்தார். அன்னையார் தொலைபேசியை வாங்கி, யாழ்ப்பாணத்திலிருந்த மருமகளை அழைத்து, "வந்து சேர்ந்திட்டம், சாப்பிடப் போறம்" என்றார். பின்னர் எம்மிடம் திரும்பி, "இலாச்சித் திறப்பை அவளிட்டைக் குடுத்திட்டுத்தானே வந்தனீ?" என்று கேட்டார்.

கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.