பத்துப் பேர் பிடிக்கும் காந்தாரம்

தம்புராவைப் பிசிறில்லாமல் சுருதி சேர்த்துவிட்டால், யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் அதிலிருந்து எழும்பும். அந்தர காந்தாரம். மந்தர ஷட்ஜத் தந்தி அதிரும்போது, அதன் வேகத்தைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் உள்ளே துடிக்கும் மேற்சுரம் அது. இதே காந்தாரத்தைத் தந்தியும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல், வெறும் தொண்டையால் பிடித்து நிற்கப் பழகியவர்கள் இங்கிலாந்தின் ‘டாலிஸ் ஸ்காலர்ஸ்’ குழுவினர்.

1973-ல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பீட்டர் பிலிப்ஸ் இந்தக் குழுவைத் தொடங்கினார். அவருக்கு அப்போது இருபது வயதுதான். பாக்கும் மொஸார்ட்டும் பிறப்பதற்கு வெகுமுன்னர், முக்கியமாக 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், தேவாலயங்களுக்காக எழுதப்பட்ட இசைதான் இவர்களுடைய உலகம். பெயர் தந்தவர் தாமஸ் டாலிஸ். எட்டாம் ஹென்றி முதல் முதலாம் எலிசபெத் வரை நான்கு ஆட்சியாளர்களிடம் ஊழியம் பார்த்தவர். அரியணையில் ஆள் மாறினால் வழிபாட்டு முறை மாறும். அது மாறினால் பாட்டின் மொழியும் லத்தீன், ஆங்கிலம், மறுபடி லத்தீன் என்று புரளும். டாலிஸ் எல்லாவற்றுக்கும் மெட்டமைத்துக் கொடுத்தார். தலைகள் உருண்ட காலத்தில் அவர் தலை தப்பியது, 1585-ல் இயற்கையாகவே இறந்தார்.

இந்த இசைக்கு ‘பாலிஃபோனி’ என்று பெயர். பல்குரல் இசை எனலாம். ஒருவர் பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவது அல்ல இது. நான்கோ ஐந்தோ மெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, ஒரே சமயத்தில், ஒன்றுக்கொன்று அடங்காமல் நடக்கும். டாலிஸின் ‘ஸ்பெம் இன் ஆலியம்’ இதன் உச்சம்: ஐந்து ஐந்து குரலாக எட்டு அணிகள், மொத்தம் நாற்பது தனித்தனி வரிகள். அதற்கு வெளியாட்களையும் அழைத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி மேடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பேர், ஒரு வரிக்கு இருவர்.

ஏன் இருவர்? மூச்சுதான் காரணம். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் வரியை அறுபடாமல் தாங்குவார். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இருவரில் ஒருவர் ஆப்பராப் பாடகரைப்போலக் குரலை நடுக்கினாலும் அந்த வரி தடித்துவிடும். ஐந்து வரிகளும் தடித்தால் எல்லாம் கூழ். அதனால் அசைவைக் குறைத்து, கோடு இழுத்ததுபோல் பாடுகிறார்கள். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு முதலில் இது சப்பென்று இருக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால்தான் நடப்பது புரியும்.

ஷட்ஜத்தோடு காந்தாரம் சேரும்போது இரண்டின் அதிர்வு விகிதம் 4:5 ஆக இருந்தால் ஒலி அசையாமல் நிற்கும். விலகினால் ‘வாவ் வாவ்’ என்று ஒரு விம்மல் கேட்கும். ஒரு ஸ்தாயியை 1200 நுண்பங்காகப் பிரித்தால், இயற்கையான காந்தாரம் விழும் இடம் 386. பியானோவிலோ அது 400. எல்லாச் சுருதிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சமமாகப் பங்கு போட்டதில் வந்த விலகல் இது. வாத்தியம் இல்லாத பாடகர்களுக்கு இந்தச் சமரசம் தேவையில்லை; விம்மல் அடங்கும் இடத்தைக் காதால் தேடிப் போய் நிற்கலாம்.

ஏட்டில் இருப்பதோ மிகக் கொஞ்சம். அக்காலப் பிரதிகளில் ஒவ்வொரு குரலும் தனியாக எழுதப்பட்டிருக்கும், பல சமயம் தனித்தனிப் புத்தகத்திலேயே. ஒன்று தொலைந்தால் பாட்டு முடம். வேகக் குறிப்பு இல்லை, எங்கே உரக்க, எங்கே மெல்ல என்பதும் இல்லை. பாடுபவருக்கே தெரியும் என்று சில ஸ்வரங்களின் ஏற்ற இறக்கத்தைக்கூட எழுதாமல் விட்டார்கள். எந்தக் கட்டையில் பாடுவது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. சிறுவர்கள் பாடிய மேல்வரியை இக்குழுவில் பெண்கள் பாடுகிறார்கள். ஆக, நாம் கேட்பது பழைய இசை. ஒலியோ இருபதாம் நூற்றாண்டில் உருவானது. இதை ஒரு குறையாக எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

1987-ல், ஜோஸ்கின் என்ற பழைய இசையமைப்பாளரின் பாடல்களைக் கொண்ட இவர்களுடைய இசைத்தட்டு, ‘கிராமஃபோன்’ பத்திரிகையின் அந்த ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வானது. பழைய இசைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. அதிலுள்ள ஒரு பூசைப்பாடல் முழுக்க ‘லா, ஸோல், ஃபா, ரே, மி’ என்ற ஐந்து ஸ்வரங்களைச் சுற்றியே வருகிறது. கேட்டதை எல்லாம் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தட்டிக்கழித்த ஒரு பிரபுவின் பேச்சை ஜோஸ்கின் ஸ்வரமாக்கிவிட்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. அந்தச் சொற்களை இத்தாலிய மொழியில் சொன்னால் ஏறக்குறைய இந்த ஸ்வரங்கள்போலவே ஒலிக்குமாம்.

குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்னவோ 1980-ல் பதிவான, அல்லெக்ரி என்ற இசையமைப்பாளரின் ‘மிஸெரெரே’தான். வாத்திகனின் சிஸ்டைன் தேவாலயத்துக்காக 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 14 வயது மொஸார்ட் கேட்டுவிட்டு வந்து நினைவிலிருந்து எழுதியதாகச் சொல்லப்படுவதும் இதைத்தான். இதில் ஒரு பெண் குரல் திடீரென வானத்துக்குத் தாவும் இடம் உலகப் புகழ். ஆனால் அந்த உச்ச ஸ்வரம் அல்லெக்ரி எழுதியதல்ல, பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் வேறொரு சுருதியில் இருந்த துண்டைக் கொண்டுவந்து ஒட்டியதால் வந்த பிழை என்கிறார்கள் ஆய்வாளர்கள். டாலிஸ் ஸ்காலர்ஸ் அதை விட்டுவிடவில்லை. டிக்கெட் வாங்கி வந்து அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் காத்திருப்பது அந்தத் தாவலுக்காகத்தானே!