ஆப்பிரிக்க ஏற்றுமதியும் மைசூர்ப் பயிற்சியும்

ஒரு நாட்டின் சரக்குக்கு மற்றொரு நாடு சுங்கவரியை நீக்கிவிட்டால், அச்சரக்கு மறுநாளே கப்பலேறிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2008 ஏப்ரலில் புது தில்லியில் நடைபெற்ற இந்திய–ஆப்பிரிக்க மாநாட்டில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு இந்தியா அத்தகைய சலுகையை அறிவித்தது. நல்ல காரியந்தான். ஆயினும் வாயில் திறந்திருப்பது வேறு. அதன் வழியே நுழையத் தக்க சரக்கு கையில் இருப்பது வேறு. இவ்வேற்றுமையை விளக்க மைசூர் நகரம் ஏற்ற இடமாகும்.

அங்கே, செலுவாம்பா மாளிகையில், 1950ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். அறுபதுகளின் நடுவில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் கனடா நாட்டு நன்கொடையும் துணைநிற்க, அங்கே ஒரு சர்வதேசப் பயிற்சி நிலையமும் ஏற்பட்டது. ஆசிய நாட்டாரைத் தொடர்ந்து ஆப்பிரிக்க நாட்டாரும் வந்து பயின்றனர். 1964இல் தொடங்கிய தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் வருவோரின் செலவை இந்திய அரசே ஏற்கிறது. ஆகாசவாணி என்னும் பெயரும் 1935இல் இந்நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் பிறந்ததே என்பதை நேயர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வருவோர் கற்பதன் பயனை அறிய நிலக்கடலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செனெகல், காம்பியா, மலாவி முதலிய நாடுகளில் அது முக்கியப் பயிர். 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அஃப்ளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாது. வறுத்தாலும் முற்றும் அழியாது. நேரே உண்ணும் கடலையில் நூறு கோடிப் பங்குக்கு நான்கு பங்குக்கு மேல் அது இருத்தலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. மிகுந்தால் சரக்கு துறைமுகத்திலேயே தடுக்கப்படும்; நட்டம் வணிகரைக் கடந்து உழவர் தலையில் விழும்.

ஆகவே பரிகாரம் வயலிலேயே தொடங்கவேண்டும். உரிய பருவத்தில் பிடுங்கி, விரைவில் உலர்த்தி, சூம்பியதும் நிறம் மாறியதுமான பருப்புகளைப் பொறுக்கி நீக்கவேண்டும். பின்னர்ச் சோதனை. நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிராது. ஆயிரம் பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டும் மிகுந்திருக்கலாம். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் ஏமாந்துபோவோம். மாதிரி எடுப்பதே தனிக் கலை.

பயின்றவர் நாடு திரும்பியபின் கருவியும் இரசாயனப் பொருளும் கிடைக்காவிடில் கற்றது ஏட்டளவில் நிற்கும். 2005இல் ஹாங்காங்கில் உலக வாணிப அமைப்பு தொடங்கிய ‘வாணிபத்துக்கு உதவி’ முயற்சி இக்குறையை நோக்கியதே. எனினும், ஆளுக்குப் பயிற்சி தருவது எளிது. ஆய்வுக்கூடத்தை ஆண்டுதோறும் நடத்துவதே கடினம் என்பது நம் கருத்து.

சோதனையில் தேறுவதோடு காரியம் முடிவதில்லை. விளைந்ததைப் பக்குவம் செய்யும் தொழில் எங்கே நடப்பது என்பதும் கேள்வி. தொண்ணூறுகளில் உலக வங்கியின் வற்புறுத்தலால் மொசாம்பிக் தன் பச்சை முந்திரிக்கொட்டை மீதிருந்த ஏற்றுமதி வரியைக் குறைத்தது. கொட்டை இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கொல்லத்தில் முந்திரி உடைக்கும் பெண்களின் கூலியோ அக்கண்டத்துக் கொட்டையைப் பெரிதும் நம்பியது. பக்குவம் செய்யக் கற்பிக்கும் நாமே பச்சைக் கொட்டையை வாங்குவோராகவும் இருக்கிறோம். மைசூருக்குப் பயில வருவோர் இதனை நம்மிடம் கேட்டால் மழுப்பாமல் விடையளிக்கவேண்டும்.