சிந்தனை மீட்சியும் வினைமுற்றும்

செயல்வழிக் கற்றலில் செயலுக்கு நிகரான இடம், அதனைத் திரும்ப எண்ணி எழுதுவதற்கும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்பு 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கற்றலை நான்கு கட்டங்கள் கொண்ட சுழற்சியாக விளக்கினார்: பட்டறிதல், பட்டதை மீள நோக்குதல், அதிலிருந்து பொதுக்கருத்தை வகுத்தல், அக்கருத்தைச் செயலில் சோதித்தல். இரண்டாம் கட்டம் நிகழாவிடில் பட்டறிவு வெறும் நிகழ்ச்சியாகக் கழிந்துவிடும்.

மலேசியத் தமிழ்க் கல்வியுலகில் இதற்குச் ‘சிந்தனை மீட்சி’ என்னும் பெயர் நிலைபெற்றுள்ளது. தமிழாசிரியப் பணிக்குப் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள், பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி மேற்கொள்ளும் காலத்தில், நாள் பாடத்திட்டத்தின் இறுதியில் இதனை எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் சிந்தனை உண்மையில் மீள்கிறதா என்பதை அதன் மொழியமைப்பே காட்டிவிடும் என்பது நம் கருத்து.

விளக்கத்திற்காக ஒரே பாடத்தைப் பற்றிய இரு குறிப்புகளை அமைத்துக்கொள்வோம். முதலாவது:

“வலிமிகும் இடங்கள் கற்பிக்கப்பட்டன. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். பாட நோக்கம் நிறைவேறியது.”

இரண்டாவது:

“‘அந்த’ என்னும் சுட்டுக்குப் பின் வலிமிகும் என்றேன். ‘அந்த மரம்னு எழுதுனாலும் ஒற்று வருமா டீச்சர்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். க, ச, த, ப வரிசைகளில் தொடங்கும் சொற்களுக்கே இவ்விதி உரியது என்பதை முதலில் சொல்லியிருந்தால், அக்குழப்பம் நேர்ந்திராது. நாளை அங்கிருந்து தொடங்குவேன்.”

முதற்குறிப்பில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் ‘கற்பிக்கப்பட்டன’ என்னும் செயப்பாட்டுவினையில் கற்பித்தவர் மறைந்துவிடுகிறார். தன்மை வினைமுற்று ஒன்றேனும் இல்லை. எந்தப் பள்ளியின் எந்தப் பாடத்திற்கும் அக்குறிப்பு பொருந்தும்.

இரண்டாம் குறிப்பில் வினைகளே சிந்தனையின் படிகளாகின்றன. ‘கேட்டாள்’ நிகழ்ந்ததைக் கூறுகிறது. ‘சொல்லியிருந்தால்’ நிகழ்ந்திருக்கக்கூடிய மாற்றை எண்ணுகிறது. ‘தொடங்குவேன்’ அடுத்த செயலை உறுதிசெய்கிறது. கோல்பு கூறிய சுழற்சி இம்மூன்று வினைகளில் அடங்கிவிடுகிறது. ‘நான்’ என்று எழுதுவது தற்பெருமையாகும் எனத் தயங்கும் மாணவரும் அஞ்ச வேண்டியதில்லை. ‘ஏன்’ விகுதியே எழுதுவோரைச் சுட்டுவதால், ‘நான்’ என்னும் சொல் அக்குறிப்பில் ஓரிடத்திலும் தேவைப்படவில்லை.

மாணவியின் வினா பேச்சுத்தமிழிலேயே இடம்பெற்றிருப்பதும் கருதத்தக்கது. வகுப்பறையின் பட்டறிவு பெரும்பாலும் பேச்சுத்தமிழில் நிகழ்கிறது. அதனைப் பற்றிய எழுத்தோ எழுத்துத்தமிழில் அமைகிறது. இந்த இடைவெளியைக் கடக்கும்போது குழந்தையின் ஐயம் ‘மாணவர்கள் வினாக்கள் எழுப்பினர்’ எனப் பொதுக்கூற்றாகத் தேய்ந்துவிடக்கூடும். மேற்கோள் குறிக்குள் பேச்சு வடிவத்தை அப்படியே பதிவுசெய்தல் மொழித்தூய்மைக்கு இழுக்கன்று, அது சான்று.

இவ்விடத்தில் ஆசிரியர்களின் பொறுப்பு பெரிது. குறையை ஒப்புக்கொண்டால் புள்ளி குறையும் என்னும் அச்சம் இருக்கும்வரை, மாணவர்கள் முதற்குறிப்பைப் போன்ற பாதுகாப்பான வாய்பாட்டையே நாடுவர். மேற்பார்வையாளர்கள் பாடத்தில் நேர்ந்த குறைக்குப் புள்ளி குறைக்காமல், அதிலிருந்து மாணவர் எடுத்த முடிவை மதிப்பிடுதல் வேண்டும். “அந்த மாணவி சரியாக என்ன கேட்டாள்? நாளை என்ன செய்வீர்கள்?” என்னும் இரு வினாக்களை ஓரத்தில் எழுதித் தந்தாலே போதும். மாணவர்களோ எழுதி முடித்ததும் தம் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். தன்மையும் எதிர்காலமும் அங்கே இல்லையெனில், அக்குறிப்பை மீண்டும் எழுதுதல் நன்று.