காற்று எங்கே கசிகிறது?

மாணவர்களே, கார் இயந்திரத்தின் ஒவ்வொரு வால்வையும் மேல்நோக்கி இழுத்து மூடி வைத்திருப்பது ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்தாலோ உடைந்தாலோ மாற்றியாக வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வால்வு சிலிண்டருக்குள் நழுவி விழுந்தால், இயந்திரத்தின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரிடும்.

இதைத் தவிர்க்க மெக்கானிக்குகள் காற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்பார்க் பிளக் இருந்த துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, கம்ப்ரசரிலிருந்து காற்றைச் செலுத்துவார்கள். பள்ளியில் படித்த சூத்திரம்தான்: விசை = அழுத்தம் × பரப்பளவு. காற்றழுத்தம் 7 பார், வால்வின் விட்டம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு ஏறத்தாழ 7 சதுர செ.மீ. ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு 10 நியூட்டன். எனவே விசை 7 × 10 × 7 = 490 நியூட்டன். 50 கிலோ எடையுள்ள ஒருவர் தரையை அழுத்தும் விசை இது!

காற்று நிற்காமல் ‘உஸ்’ என்று வெளியேறினால்? சத்தம் வரும் இடத்தைக் கவனியுங்கள்.

• காற்று உள்ளே செல்லும் குழாயில் கேட்டால், உள்ளிழுப்பு வால்வு சரியாக மூடவில்லை.

• புகைபோக்கிக் குழாயில் கேட்டால், வெளியேற்று வால்வில் கசிவு.

• எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால், பிஸ்டன் வளையங்கள் வழியே கசிகிறது. வளையத்தில் சிறு இடைவெளி உண்டு. ஆகவே இலேசான கசிவு இயல்பே. பலமாக வீசினால்தான் தேய்மானம்.

• ரேடியேட்டர் நீரில் குமிழிகள் வந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம், அல்லது எங்காவது விரிசல் இருக்கலாம். சைக்கிள் டியூபை நீரில் அமிழ்த்திப் பார்ப்பதைப் போன்ற சோதனை இது. இயந்திரம் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

வால்வில் கசிவு என்றதும் அது கெட்டுவிட்டதாக முடிவு செய்யக்கூடாது. கேம் தண்டு வால்வை அழுத்திக்கொண்டிருந்தால், நல்ல வால்வும் கசியும். வால்வின் விளிம்பில் கரித்துகள் சிக்கியிருக்கவும் கூடும். ஸ்பிரிங்கைக் கழற்றுமுன் மென்மையான சுத்தியலால் மெல்லத் தட்டினால், துகள் விலகி வால்வு இறுக மூடலாம்.

ஓர் எச்சரிக்கை. அதே காற்று பிஸ்டனையும் அழுத்துகிறது. 8 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் அந்த விசை சுமார் 3,500 நியூட்டன்! பிஸ்டன் உச்சியில் இல்லாவிட்டால் கிராங்க் தண்டு திடீரென்று சுழலும். அதில் மாட்டி வைத்த ஸ்பேனர் கையை முறித்துவிடும். பிஸ்டன் உச்சியில் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: காற்று நின்றுபோனாலும், வால்வு பிஸ்டனின் தலையில் தங்கிவிடும்.

ஆகவே, பயிற்றுநர் அருகில் இல்லாமல் இதைச் செய்து பார்க்காதீர்கள்.